சார்ஜர் என்பது எது? நோக்கியா வழக்கும் பன்னிரண்டு வோல்ட் அடாப்டரும்

பி.காம் படிக்கிற ஒருவன் வோல்ட், ஆம்பியர் என்று எழுத ஆரம்பித்தால் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பீர்கள். ஆனால் இந்த விஷயம் எனக்குக் கிடைத்தது பிசிக்ஸ் புத்தகத்தில் இல்லை. மறைமுக வரி பாடத்தில்.

2014 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. பஞ்சாப் மாநில அரசுக்கும் நோக்கியா இந்தியா நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு. பிரச்சினை இதுதான்: மொபைல் போனோடு ஒரே டப்பாவில் வருகிற சார்ஜர், போனின் ஒரு பகுதியா, இல்லை தனிப் பொருளா? பஞ்சாபின் 2005ஆம் ஆண்டு வாட் சட்டப்படி செல்போனுக்கு வரி 4 சதவீதம். சார்ஜர் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத பொருளுக்கெல்லாம் 12.5 சதவீதம். நோக்கியா எல்லாவற்றையும் சேர்த்து 4 சதவீதம் கட்டியிருந்தது. ஒரே டப்பா, ஒரே விலை, சார்ஜருக்கென்று தனியாக ஒரு பைசா வாங்கவில்லை என்பது அவர்கள் வாதம். உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சார்ஜர் ஒரு துணைப்பொருள்தான், ஒரே டப்பாவில் போட்டுவிட்டதால் அது போனாகிவிடாது என்று சொல்லி 12.5 சதவீதத்தை உறுதி செய்தது.

அதற்குச் சொன்ன காரணங்கள்தான் எனக்குப் பிடித்தவை. நோக்கியாவின் சொந்த இணையதளமே சார்ஜரைத் துணைப்பொருள்கள் வரிசையில் போட்டிருக்கிறது. ஒரே சார்ஜர் பல மாடல்களுக்குப் பொருந்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சார்ஜர் இல்லாமலேயே லேப்டாப் போன்ற வேறு வழிகளிலும் போனின் பேட்டரியை ஏற்றலாம்.

கடைசிக் காரணத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லேப்டாப்பிலிருந்து வருவது வெறும் 5 வோல்ட் மின்சாரம். அதை வைத்து பேட்டரியை ஏற்ற முடிகிறதென்றால், ஏற்றுகிற வேலையைச் செய்வது யார்? போனுக்குள்ளே இருக்கிற ஒரு சர்க்யூட். அதாவது உண்மையான சார்ஜர் போனுக்குள்ளேயே இருக்கிறது. சுவரில் சொருகுகிறோமே, அதற்கு சரியான பெயர் அடாப்டர். நீதிமன்றம் அதைச் சொல்ல வரவில்லை, அதன் கவலை வரி. ஆனால் சொன்னது அதற்கு மிக அருகில் வந்துவிட்டது.

இந்த வித்தியாசம் தெரியாததால்தான் வீடுகளில் பாதி சாமான்கள் கருகுகின்றன.

இது நம் ஊர்க் கதையும்கூட. நான் இருக்கிற ஒரகடத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட். அங்கே நோக்கியா தொழிற்சாலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சக்கட்டத்தில் எண்ணாயிரம் பேர் வரை நேரடி வேலை, அதில் பெரும்பகுதி பெண்கள். தன்னோடு உதிரிபாகம் செய்கிறவர்களையும் நோக்கியா ஒரே வளாகத்துக்குள் கூட்டிக்கொண்டு வந்தது. அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் சால்காம்ப். இவர்கள் செய்தது போன் இல்லை, அடாப்டர் மட்டும்.

சால்காம்ப் பின்லாந்து நிறுவனம். 1970களில் சலோரா என்ற தொலைக்காட்சிக் கம்பெனியின் கிளையாக, கெமியார்வி என்ற ஊரில் தொடங்கியது. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்று வடக்கே இருக்கிற ஊர் அது. ஒரு காலத்தில் நோக்கியாவுக்கே சொந்தமாக இருந்து, பிறகு கைமாறியது. 2004இல் கெமியார்வி ஆலையை மூடிவிட்டு உற்பத்தியை சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். 2007இல் நம் பக்கம் வந்தார்கள். பனி பெய்கிற ஊரில் போன வேலை, வேலிகாத்தான் முளைத்துக் கிடந்த செம்மண் பூமியில் வந்து முளைத்தது.

சரி, அடாப்டருக்கும் சார்ஜருக்கும் வருவோம்.

சுவரில் 230 வோல்ட். போனுக்குள் இருக்கிற லித்தியம் அயன் செல் 3 வோல்ட்டுக்கும் 4.2 வோல்ட்டுக்கும் நடுவே வாழ்கிறது. சோனி நிறுவனம் 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த வகை செல்லுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முதலில் ஒரே அளவான மின்னோட்டத்தைக் கொடுக்க வேண்டும். 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அழுத்தத்தை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு, மின்னோட்டத்தை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்த வேண்டும். ஒரு சதவீதம் அப்படி இப்படி ஆனாலே ஆயுள் குறையும். ரொம்ப அதிகமானால் உப்பும், தீப்பிடிக்கும். இந்தப் பதமான வேலையைச் செய்வதுதான் சார்ஜிங் சர்க்யூட். 230 வோல்ட்டை வெட்டிக் குறைத்து, ஆபத்தில்லாத நேர்மின்சாரமாக அந்த சர்க்யூட்டின் வாசல்வரை கொண்டுவந்து கொடுப்பது அடாப்டர். வாசலில் எத்தனை வோல்ட் வந்து நிற்கிறது என்பதில்தான் எல்லாப் பிரச்சினையும். தேவைக்கு மேல் வந்தால் அந்த மிச்சத்தை என்ன செய்வது? சார்ஜர் வரலாறு முழுக்க இந்த ஒரு கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய பதில், எரித்துவிடு என்பது.

அப்பா காலத்து வீடுகளில் பேட்டரி எலிமினேட்டர் என்று ஒரு கறுப்பு டப்பா இருக்கும். பக்கவாட்டில் ஒரு ஸ்விட்ச்; 3, 4.5, 6, 7.5, 9, 12 என்று எண்கள். ரேடியோவுக்கும் டேப் ரெக்கார்டருக்கும் வாங்கியது. உள்ளே ஒரு டிரான்ஸ்பார்மர், நான்கு டயோடு, ஒரு கப்பாசிட்டர், அவ்வளவுதான். 9 வோல்ட் என்று எழுதியிருக்கும். ஒன்றும் இணைக்காமல் மீட்டர் வைத்துப் பார்த்தால் 12, 13 காட்டும். லேபிளில் இருப்பது முழு சுமை ஏறியபோது வருகிற அளவு. அந்தக் காலத்து நிக்கல் காட்மியம் செல்களும், எமர்ஜென்சி விளக்கில் இருந்த 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியும் பொறுமைசாலிகள். ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டு, மெதுவாக ராத்திரி முழுக்க ஏற்றினால் தாங்கிக்கொள்ளும். மிச்ச வோல்ட் ரெசிஸ்டரில் சூடாகப் போய்விடும். 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது தமிழ்நாடு முழுக்க எரிந்த மலிவான எமர்ஜென்சி விளக்குகளில் பலவற்றின் சார்ஜிங் ரகசியம் இவ்வளவுதான்.

இதற்குக் கொஞ்சம் நாகரிகமான வழி ரெகுலேட்டர் ஐ.சி. 1970களில் வந்த 7805ஐ ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். மூன்று கால், உள்ளே எத்தனை வோல்ட் போனாலும் (ஏழுக்குக் குறையக் கூடாது) வெளியே 5 வோல்ட். 1976இல் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் பாப் டாப்கின் வடிவமைத்த எல்.எம்.317 இன்னொன்று, வேண்டிய வோல்ட்டை நாமே வைத்துக்கொள்ளலாம். அதன் விவரத் தாளிலேயே 6 வோல்ட் பேட்டரியை ஏற்றுகிற சர்க்யூட் ஒன்று வரைந்து கொடுத்திருக்கிறார்கள். பல தலைமுறை பாலிடெக்னிக் மாணவர்களின் பிராஜெக்ட் அது!

ஆனால் இவையும் மிச்சத்தை எரிக்கத்தான் செய்கின்றன. கணக்கு போடுவோம், கணக்கு நம் ஏரியா. 12 வோல்ட் அடாப்டர், 7805, வெளியே 5 வோல்ட் 1 ஆம்பியர். உள்ளே போவது 12 வாட், வெளியே வருவது 5 வாட். நடுவில் 7 வாட் வெறும் சூடு. பன்னிரண்டு ரூபாய் கொடுத்தால் ஐந்து ரூபாய் பொருளைக் கொடுத்துவிட்டு, மிச்சம் ஏழு ரூபாயைக் கண் முன்னாலேயே கொளுத்துகிற கடைக்காரர் மாதிரி. அந்த ஏழு வாட்டை ஆற்ற அலுமினியத் தகடு வைக்காவிட்டால் ஐ.சி. தொடமுடியாத அளவு சூடாகித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

அப்படி நிறுத்திக்கொள்கிற புத்தி எல்லா சர்க்யூட்டுக்கும் இல்லை. எங்கள் தெருவில் மாடி வாடகை அறைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆறேழு பேர் சேர்ந்து இருப்பார்கள். ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ், அதில் எல்லாருடைய அடாப்டரும். போன வருஷம் அங்கே இருந்த ஒரு அண்ணன், ரீசார்ஜ் விளக்கின் அடாப்டரைக் காணவில்லை என்று வைஃபை ரூட்டரின் அடாப்டரை எடுத்துச் சொருகினார். பின் அச்சாகப் பொருந்தியது. இரண்டு நிமிஷத்தில் கருகல் வாடை.

நடந்தது இது. விளக்குக்குள் இருந்தது டி.பி.4056 என்ற சீன ஐ.சி. போட்ட சின்ன சார்ஜிங் போர்டு. மலிவு விளக்கு, டிரிம்மர், ப்ளூடூத் ஸ்பீக்கர் எதைத் திறந்தாலும் இதுவோ இதன் உறவினரோ இருக்கும். பேட்டரியை 4.2 வோல்ட்டில் நிறுத்துகிற வேலையை ஒழுங்காகச் செய்யும். ஆனால் அதன் வாசலில் 8 வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. ரூட்டர் அடாப்டர் 12 வோல்ட். இரண்டுக்கும் ஒரே 5.5 மில்லிமீட்டர் உருளைப் பின். 5 வோல்ட்டுக்கு, 9 வோல்ட்டுக்கு, 12 வோல்ட்டுக்கு என்று உலகம் முழுக்க இதே பின்னைத்தான் போடுகிறார்கள். எந்தப் புண்ணியவான் இப்படி ஆரம்பித்து வைத்தாரோ! நல்லவேளையாக செல் உப்பவில்லை, போர்டோடு போயிற்று.

அன்று மாடியில் நடந்த விவாதத்தில் எல்லாரும் சொன்னது, "ஆம்பியர் அதிகம், அதான் கருகிடுச்சு." இல்லை. அடாப்டரில் எழுதியிருக்கிற ஆம்பியர் என்பது அதனால் அதிகபட்சம் கொடுக்க முடிந்த அளவு. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவைத்தான் சாதனம் இழுக்கும். 2 ஆம்பியர் அடாப்டரில் அரை ஆம்பியர் சாதனத்தை மாட்டலாம், ஒன்றும் ஆகாது. வோல்ட் அப்படி இல்லை. அது கேட்காமலேயே வந்து நிற்கும். 12 என்றால் 12தான்.

அப்படியானால் 12 வோல்ட் அடாப்டரை வைத்து 5 வோல்ட் சார்ஜிங் போர்டை ஓட்டவே முடியாதா? முடியும். எரிக்காமல் குறைக்கிற வழி இருக்கிறது, அதற்கு பக் கன்வெர்ட்டர் என்று பெயர். மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, ஒரு காயிலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, குறைந்த வோல்ட்டில் வெளியே விடுவது. எண்பது, தொண்ணூறு சதவீதம் வீணாகாமல் வந்து சேரும். மேலே போட்ட அதே கணக்கை இதில் போடுங்கள்: வெளியே 5 வோல்ட் 1 ஆம்பியர் வேண்டுமென்றால், 85 சதவீதத் திறனில் 12 வோல்ட் அடாப்டரிலிருந்து அரை ஆம்பியர்கூட முழுசாக வாங்காது. அரை வாங்கி ஒன்று கொடுக்கிறது. கேட்கிற பி.காம் பையனுக்கு மோசடி மாதிரி இருக்கும், ஆனால் வோல்ட்டையும் சேர்த்துப் பெருக்கினால் கணக்கு நேராகிவிடும். எல்.எம்.2596 போட்ட பக் போர்டு நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதன் திருகை முதலில் மீட்டர் வைத்து 5 வோல்ட்டுக்குத் திருப்பி, பிறகுதான் சார்ஜிங் போர்டை இணைக்க வேண்டும். வரிசை மாறினால் பழைய கருகல் வாடைதான். பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று லேபிளில் இருக்கிற சின்னப் படத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊரில் இந்த பக் கன்வெர்ட்டருக்கு நிறைய வேலை. ஒரகடத்தில் டைம்லரின் பாரத்பென்ஸ் ஆலை 2012இலிருந்து லாரி செய்கிறது. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் வரிசையாக நிற்கிற கனரக லாரிகளில் இருப்பது 24 வோல்ட் மின்சாரம். டிரைவர் அண்ணன்மார் டேஷ்போர்டில் போன் ஏற்றுகிற சின்னக் குமிழில் 7805 போட்டிருந்தால், ஐந்து வாட் கொடுக்கப் பத்தொன்பது வாட் எரிக்க வேண்டும். பிளாஸ்டிக் உருகிவிடும். அதனால் கார் சார்ஜர்களுக்குள் ஆரம்பத்திலிருந்தே 34063 என்கிற மோட்டோரோலா காலத்து ஸ்விட்சிங் ஐ.சி.யும் ஒரு காயிலும்தான். 40 வோல்ட் வரை தாங்கும்.

நோக்கியாவின் முதல் தலைமுறை அடாப்டர்களும் இரும்பு டிரான்ஸ்பார்மர் வகைதான். 1100, 3310 வைத்திருந்தவர்களுக்கு ஏ.சி.பி-7 ஞாபகம் இருக்கும். கையில் எடுத்தால் கல் மாதிரி கனம், தடித்த பின். லேபிளில் 3.7 வோல்ட், 355 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கும். 4.2 வரை ஏற்றவேண்டிய பேட்டரிக்கு 3.7 வோல்ட்டா என்று குழப்பம் வரும். அதுவும் எலிமினேட்டர் சாதிதான்: சுமை இல்லாதபோது அதிகம் கொடுக்கும், சுமை ஏறினால் இறங்கிவிடும். மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிற பொறுப்பில் பாதியைப் போன் அடாப்டரிடமே விட்டிருந்தது. அந்தக் காலத்தில் சுவர் டப்பாவை 'சார்ஜர்' என்று சொன்னது பாதியாவது நியாயம்.

பிறகு 50 ஹெர்ட்ஸ் இரும்பு டிரான்ஸ்பார்மர் போய், ஸ்விட்சிங் வகை வந்தது. வேகமாகத் திறந்து மூடினால் டிரான்ஸ்பார்மர் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கும். 100 முதல் 240 வோல்ட் வரை எந்த நாட்டுச் சுவரிலும் ஓடும். சால்காம்ப் மாதிரி கம்பெனிகள் வளர்ந்தது இதில்தான். சும்மா சொருகி வைத்தாலே மின்சாரம் தின்கிற பழைய வகையை அமெரிக்கா 2008 ஜூலையிலிருந்து சட்டம் போட்டே ஒதுக்கியது. நோக்கியா மெல்லிய 2 மில்லிமீட்டர் பின்னுக்கு மாறியது. ஏ.சி-3 லேபிளில் 5 வோல்ட் என்று வந்தது. தடித்த பின்னை மெல்லிய பின்னாக்கும் ஒரு குட்டி இணைப்பு விற்றார்களே, ஊரே அதற்காக அலைந்தது.

அடாப்டர் சரியாக இருந்தும் பயம் விடவில்லை. 2007 ஆகஸ்டில் நோக்கியா ஒரு எச்சரிக்கை விட்டது: மட்சுஷிடா நிறுவனம் 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில் செய்த பி.எல்-5சி பேட்டரிகள் 4 கோடியே 60 லட்சம், சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம். உலகம் முழுவதும் தெரிந்த சம்பவங்கள் சுமார் நூறுதான். ஆனால் இந்தியாவில் எல்லாரும் போனைக் கழற்றிப் பேட்டரியின் பின்னால் இருந்த 26 இலக்க எண்ணைப் படிக்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலானோருக்குத் தங்கள் போனுக்குள் என்ன இருக்கிறது என்று முதல் தடவை தெரிந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் ஒரு எண் மெல்ல மெல்ல உலகப் பொதுவாகிக் கொண்டிருந்தது. ஐந்து. கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. துளையில் வருவது 5 வோல்ட். 2006இல் சீனா, போன் அடாப்டர்களில் யு.எஸ்.பி. துளை இருக்க வேண்டுமென்று தரம் வகுத்தது. 2009 ஜூனில் ஐரோப்பிய ஆணையத்தின் முன்னிலையில் பெரிய போன் கம்பெனிகள் மைக்ரோ யு.எஸ்.பி.க்கு ஒத்துக்கொண்டன; நோக்கியாவும்தான். இதன் அர்த்தம், அடாப்டருக்கு இனி ஒரே வேலை: 5 வோல்ட் கொடு, பேசாமல் இரு. பேட்டரியைப் பார்த்துக்கொள்கிற முழுப் பொறுப்பும் போனுக்குள் போய்விட்டது. உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு 2005, 2006 வருஷத்துக் கணக்கு. அது தீர்ந்த 2014இல் தொழில்நுட்பம் ஏற்கெனவே அடாப்டரைப் போனிலிருந்து பிரித்து வைத்துவிட்டது.

அப்புறம்தான் வேடிக்கை. இவ்வளவு காலம் எதிரியாக இருந்த அதிக வோல்ட்டை நாமே கேட்டு வாங்க ஆரம்பித்தோம். பேட்டரி பெரிதாயிற்று, சீக்கிரம் ஏற வேண்டும், 5 வோல்ட்டில் அதிக வாட் அனுப்ப வேண்டுமென்றால் அதிக ஆம்பியர் வேண்டும், மெல்லிய வயர் சூடாகும். வயரில் வீணாவது ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 18 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்பினால் 3.6 ஆம்பியர், 9 வோல்ட்டில் அனுப்பினால் 2 ஆம்பியர். வயரில் வீணாவது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஸ்ரீபெரும்புதூர் துணைமின் நிலையத்துக்கு 400 கிலோவோல்ட்டில் மின்சாரம் வருவதும் இதே காரணத்துக்குத்தான். 2013இல் குவால்காமின் க்விக் சார்ஜ் 2.0 அடாப்டரை 9, 12 வோல்ட்டுக்கு ஏற்றியது. யு.எஸ்.பி. பவர் டெலிவரி 20 வோல்ட் வரை போனது. 2021இல் 48 வோல்ட், 240 வாட்.

ரூட்டர் அடாப்டரின் 12 வோல்ட் விளக்கைக் கொன்றது, இந்த 12 வோல்ட் ஏன் போனைக் கொல்வதில்லை? இரண்டு காரணம். ஒன்று, குறைக்கிற பக் கன்வெர்ட்டர் இப்போது போனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு, அடாப்டர் எடுத்தவுடன் 5 வோல்ட்தான் கொடுக்கிறது. போன் "எனக்கு 9 வேண்டும்" என்று வயர் வழியாகக் கேட்டால்தான் ஏற்றும். கேட்கத் தெரியாத பழைய போனை மாட்டினால் 5 வோல்ட்டிலேயே நிற்கும். உருளைப் பின்னுக்கு இந்தப் பேச்சு கிடையாது. பொருந்தினால் போதும், இருப்பதைக் கொட்டிவிடும்.

இந்த மாற்றமெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது வேறு. 2013 ஜனவரியில் வருமான வரித்துறை சோதனை. மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய பணத்தில் வரி பிடித்தம் செய்யவில்லை என்று இரண்டாயிரம் கோடிக்கு மேல் கேட்டார்கள். 2014இல் தமிழக அரசின் விற்பனை வரித் துறை தன் பங்குக்கு 2,400 கோடி. ஆலை முடக்கப்பட்டதால், 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் அதில் சேரவில்லை. சுமார் ஐயாயிரம் பேர் விருப்ப ஓய்வில் போனார்கள். விருப்பம் என்பது தாளில் இருக்கிற சொல். பலருக்கு வயது இருபத்தைந்துகூட ஆகியிருக்கவில்லை. ஓய்வு என்ற வார்த்தையே அந்த வயதுக்குப் பொருந்தாது. 2014 நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. சார்ஜர் துணைப்பொருள்தான் என்ற தீர்ப்பு வந்தது அதற்கு ஆறேழு வாரம் கழித்து.

துணைப்பொருள் செய்த கம்பெனி நிற்கவில்லை. ஒரே மாடலுக்கு என்றில்லாமல் யாருடைய போனுக்கும் பொருந்துகிற பொருள் செய்கிறவனுக்கு வாடிக்கையாளரை மாற்றிக்கொள்ள முடியும். தீர்ப்பு நோக்கியாவுக்கு எதிராகச் சொன்ன காரணமே சால்காம்புக்குச் சோறு போட்டது. 2016-17 பட்ஜெட்டிலிருந்து போன் சார்ஜருக்கு உள்நாட்டு உற்பத்தியை ஊக்குவிக்கிற மாதிரி வரியை மாற்றினார்கள். 2020இல் இறக்குமதி வரி 20 சதவீதம் ஆயிற்று, 2024இல் 15க்கு இறங்கியது. 2019இல் சால்காம்பை லிங்யி என்ற சீனக் குழுமம் வாங்கியது. அதே வருஷம் நவம்பர் 25 அன்று அன்றைய மத்திய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் ஒரு அறிவிப்பு வெளியிட்டார்: மூடிக் கிடக்கிற நோக்கியா ஆலையை சால்காம்ப் வாங்குகிறது, பத்தாயிரம் பேருக்கு வேலை வரும். ஒரு காலத்தில் நோக்கியா போகிற இடமெல்லாம் பின்னாலேயே போன கம்பெனி, நோக்கியாவின் கட்டிடத்துக்கே முதலாளி!

வரிப் பிரச்சினையும் ஒரு வழியாகத் தீர்ந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் போனுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். சார்ஜருக்கும் 18. பகுதியா, துணைப்பொருளா என்று யாரும் இனி வழக்கு நடத்தத் தேவையில்லை. அதே வருஷம் அக்டோபரில் ஆப்பிள் தன் டப்பாவிலிருந்து அடாப்டரையே எடுத்துவிட்டது. மற்றவர்கள் ஒரு மாதம் கிண்டலடித்துவிட்டு ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள்.

2023 ஜனவரியில் நம் பி.ஐ.எஸ். நிறுவனம் டைப்-சி இணைப்புக்கு இந்தியத் தரம் வெளியிட்டது. ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கு டைப்-சி கட்டாயம், லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதல். லேப்டாப்பிலிருந்துகூட போனை ஏற்றலாமே என்று நீதிமன்றம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? இப்போது லேப்டாப்போடு வருகிற 65 வாட் அடாப்டரே போதும். போன் 9 கேட்டால் 9, லேப்டாப் 20 கேட்டால் 20, எதுவும் கேட்கத் தெரியாத ரீசார்ஜ் விளக்குக்கு 5.